சீம்பால்

ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற குடியில் பிறந்தவள் இருசம்மாள். வலைக்காரக் குப்பத்தில் அவளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். பிரசவம் என்றால் மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள். தீட்டோடு தீட்டாகப் போகட்டும் என்பது அவர்கள் நியாயம்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். அந்தக் குப்பத்து லோகநாயகியின் மகன் பூபதி, அவர்களுடைய துணிமூட்டைகளைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு போயிருந்தான். அன்று விடிந்ததும் அவன் மனைவி ராஜாத்திக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

இருசம்மாள் அடிவயிற்றைப் பிசைந்தாள். கருப்பை இறுகினால் பிழைப்பாள். கைக்கு அடியில் அது கொழகொழவென்று கிடந்தது. பிள்ளை பால் குடித்தால் இறுகும் என்பது பல பிரசவங்களில் அவள் கண்டது.

"யம்மா, கொயந்தைய மார்ல போடுங்க. ரத்தம் நிக்கும்."

"சீம்பாலையா? மூணு நாளு பீச்சிக் கொட்டணும்னு தெரியாதா உனுக்கு? வெசத்தக் குடுத்து என் பேரனக் கொல்லச் சொல்றியா?"

லோகநாயகி வெளியே உட்கார்ந்து, குளிப்பாட்டிய பேரனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளையைப் பறிக்க எழுந்தால் வயிற்றிலிருந்து கையை எடுக்க வேண்டும். இருசம்மாள் அழுத்திய கையை எடுக்காமல் குனிந்து, தானே ராஜாத்தியின் மாரில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். கருப்பை இறுகத் தொடங்கியது, ரத்தம் குறைந்தது. ராஜாத்தி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

தண்ணீரோடு வந்த லோகநாயகி, முழங்கை வரை ரத்தமும் மருமகள் மாரில் வாயுமாக இருந்தவளைப் பார்த்தாள்.

"சூனியக்காரி, என் மருமவ உசுர உறிஞ்சுறா" என்று ஊரைக் கூட்டி, அவள் தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள்.

"யாராச்சும் உள்ள போயி வயித்த அமுக்குங்க" என்று இருசம்மாள் கெஞ்சினாள். படுபாவிகள், ஒருத்தரும் அசையவில்லை. வெயில் ஏறுவதற்குள் ராஜாத்தி செத்துப்போனாள்.

கரையேறிய பூபதி, துடுப்பால் இருசம்மாளின் முன்பற்களை உடைத்தான். பல் போனால் சூனியம் பலிக்காது என்று குப்பம் நம்பியது. அவளைத் துரத்தவில்லை. துரத்திவிட்டால் பிரசவம் யார் பார்ப்பது?

அடுத்த மழைக்காலத்தில் லோகநாயகியின் பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்கு வலி கண்டபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போனாள். பிள்ளை பிறந்தது, ரத்தம் நிற்கவில்லை. பிள்ளையைக் கேட்டாள், தரவில்லை. முத்தம்மாள் அவள் முகத்தையே பார்த்துக் கிடந்தாள். இருசம்மாள் கடைசிவரை வயிற்றைப் பிசைந்தாள். மார் பக்கம் குனியவில்லை.