பிகுல் வாய் திறந்த கதை

பிகுல் பாங்காக்குக்கு ரயிலேறியபோது அவளுக்குப் பதினேழு வயதுகூட நிறையவில்லை. வடகிழக்கில் அவள் ஊரான ரோயெட் பக்கம் மழை ஏமாற்றி, நாற்றெல்லாம் கருகிப்போன வருஷம் அது. ஊர்க்காரப் பெண் ஒருத்தியின் தயவில், ஆற்றுக்கு அக்கரையில் தோன்புரியில் ஒரு ஜீன்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இடுப்புப் பட்டி தைக்கும் வேலை.

முதல் வாரமே சூப்பர்வைசர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, “ஏய் லாவோஸ்காரி, வாயைத் திறந்தா மீன் ஊறல் வாடை அடிக்குது” என்றான். பக்கத்து மெஷின்காரிகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவளைப் போலவே லாவோஸ் சாயலில் பேசும் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள்தான். அன்றோடு பிகுல் வாயை மூடிக்கொண்டாள். கேட்டதற்கு ‘ஆமாம்’, ‘இல்லை’. மற்றபடி தலை குனிந்து தையல்.

மாணவர்கள் தெருவில் இறங்கி ராணுவ ஆட்சியை விரட்டியதும், அடுத்தடுத்து ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்ததும் அவளுக்குச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரியும். ஊர்வலம் வந்தால் சந்துக்குள் ஒதுங்கிவிடுவாள்.

அவள் ஆலையிலும் கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் வந்தது. முதலாளி பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. ஒருநாள் மதியம் மெஷின்களை ஏற்றிப்போக லாரியை அனுப்பினார். காஜா எடுக்கும் சுமாலி என்ற குள்ளமான பெண் சோற்றுப் பொட்டலத்தோடு போய் லாரிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கோஷம் எதுவும் போடவில்லை. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான்.

“சாப்பிடறவளை எழுப்பக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லித் தரலையா?” என்றாள் சுமாலி.

எப்படிப் போனோம் என்று பிகுலுக்கே புரியவில்லை. தன் சோற்றை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுமாலி திரும்பிப் பார்த்து, பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து அவள் சோற்றில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறையப் பெண்கள். லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

முதலாளி ஆலையை மூடிவிட்டார். பெண்கள் வெளியேறவில்லை. கிடங்கில் துணி இருந்தது, மெஷின் இருந்தது, கை இருந்தது. நாமே தைத்து நாமே விற்கலாம் என்று முடிவானது. துணி வெட்டும் மாஸ்டர் முதலாளியோடு போய்விட்டதால், முதலில் தைத்த பேண்ட்டுகளில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

“மழைக்காலத்துல ஒரு காலைத் தண்ணியில விட்டு நிக்கிறவங்களுக்கு ஆகும்” என்றாள் சுமாலி. அத்தனையையும் பிரித்து மறுபடி தைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சனாம் லுவாங் மைதானத்துச் சந்தையில் கடை விரித்தார்கள். காலையிலிருந்து கத்திக் கத்திச் சுமாலிக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒலிபெருக்கியைப் பிகுல் கையில் திணித்துவிட்டாள். பிகுல் பாங்காக்குப் பேச்சில் தொடங்கினாள். நாலு வார்த்தையில் நாக்குப் புரண்டது. யாரோ சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, சொந்தப் பேச்சிலேயே சொன்னாள்.

“நாங்க ரோயெட்டு, உபோன் பக்கத்துப் புள்ளைக. மொதலாளி கதவப் பூட்டிட்டுப் போயிட்டாரு. நாங்களே தச்சுக் கொண்டாந்திருக்கோம். வந்து தொட்டுப் பாருங்க. வாங்கணும்னு இல்ல, சும்மா பாருங்க.”

மைதானத்து ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் தலை நிமிர்ந்தார்கள். பப்பாளிக்காய்ச் சாலட் இடித்து விற்றுக்கொண்டிருந்தவளும் உலக்கையை வைத்துவிட்டு வந்தாள். பாங்காக்கில் சுமை தூக்குகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் முக்கால்வாசி அவள் ஊர்ப்பக்கத்தார்தானே.

ஒல்லியான ஆட்டோக்காரன் ஒருவன் பேண்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கு ஊரு யசோதோன், தங்கச்சி. ரெண்டு காலும் ஒரே நீளந்தானா?”

“போட்டுப் பாருங்கண்ணே. சரியா இல்லைன்னா உங்க காலைத்தான் வெட்டணும்.”

கூட்டம் சிரித்தது. இத்தனை வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டு ஆட்கள் சிரித்து, அவளுக்கு வலிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அவன் பெயர் பூன்மி. அடுத்த ஞாயிறும் வந்தான். பிறகு ஆலைக்கே வந்து மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிப்போனான். பெண்கள் விடுவார்களா?

“எத்தனை பேண்ட்தான் வாங்குவாரு? அவருக்கு இருக்கிறது ரெண்டு கால்தானே.”

“இவ இன்னும் அண்ணேன்னுதான் கூப்பிடறா பாரு.”

மறுநாளிலிருந்து பிகுல் அவனை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஒரு சாயங்காலம் ஆற்றங்கரையில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் தின்றுகொண்டிருந்தபோது பூன்மி சொன்னான். “எனக்குப் போலீஸ்னா பயம், பிகுல். நீங்க பண்றதுல ஒருநாள் வந்து நிப்பாங்க.”

“எனக்கு மட்டும் என்ன, போலீஸ்காரங்க மாமன் மச்சானா?” என்றாள் அவள்.

சில மாதங்களில் அவன் சொன்னபடியே ஆனது. விடியற்காலை போலீஸ் சுற்றி வளைத்து, பெண்களைத் தரதரவென்று இழுத்து வண்டியில் ஏற்றியது. லாக்கப்பில் பிகுல் சுவரோரம் உட்கார்ந்து, பயந்தவன் வரமாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அன்று மத்தியானமே வாசலில் அவன் குரல் கேட்டது.

“சோறு கொண்டாந்திருக்கேன். பிகுலுக்கு.”

“நீ யாரு அவளுக்கு?” என்றார் காவலர்.

“கட்டிக்கப் போறவன்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“இனிமேதான் சொல்லணும்.”

“கேட்டுச்சு” என்றாள் பிகுல் உள்ளேயிருந்து. சுமாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கன்னத்தில் கண்ணீரோடு.

பிறகு பெண்களை விட்டுவிட்டார்கள், ஆனால் ஆலை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் மாணவர்களைச் சுட்டார்கள், ராணுவம் மறுபடி வந்தது, சுவரெழுத்துகளின் மேல் வெள்ளையடித்தார்கள். சுமாலி சுபன்புரிக்குப் போய் நூடுல்ஸ் கடை போட்டாள். பிகுலும் பூன்மியும் ரோயெட்டில் மணிக்கட்டில் நூல் கட்டிக் கல்யாணம் செய்துகொண்டு, பாங்காக்குக்கே திரும்பினார்கள். நகரத்தை ஒட்டிய ப்ரப்ரதேங்கில் வேறொரு ஆலையில் பிகுல் சேர்ந்தாள். சில வருஷம் தலை குனிந்துதான் தைத்தாள். அப்போது குனிந்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு, நிம்மோன் என்ற சின்னப்பெண்ணை, வயிறு தெரிய ஆரம்பித்ததும், வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அன்றைக்கு மதியம் பிகுல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். ஒவ்வொரு வரிசையாகப் போய்ப் பேசினாள், தன் ஊர்ப்பேச்சில். மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. மூன்றாம் நாள் மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

சாயங்காலம் பூன்மி ஆட்டோவோடு வாசலில் நின்றிருந்தான். “என்னாச்சு?”

“நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“அவளையா, உன்னையா?”

“ரெண்டு பேரையும்” என்றாள் பிகுல், வண்டியில் ஏறிக்கொண்டே. “பசிக்குது, வேகமா போ.”