ஏழு மணிக்குப் படுத்துக்கொள்ளும் சர்வர்

கவிநிலா சென்னையில் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பேச்சு. உண்மை அதுவல்ல. அங்கே அவள் வேலை பார்த்த கம்பெனியில் இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவளுக்குத்தான் ஊரை விட்டு இருக்கப் பிடிக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மணிலாக்கடலை பயிர் வைக்கும் அவள் அப்பாவிடம் ஆள் மாற்றி ஆள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வேங்கிக்காலில் ஒரு தனியார் பால் கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. சுற்றுவட்டார ஊர்களில் கம்பெனிக்குப் பால் மையங்கள் உண்டு. விவசாயி பால் ஊற்றியதும் அளவும் கொழுப்பும் வேங்கிக்கால் சர்வரில் பதியும். பதிந்தால்தான் சீட்டு வரும்; சீட்டு வந்தால்தான் அடுத்தவர் ஊற்றலாம். அந்தச் சர்வர்தான் ஒரு மாதமாகக் காலை ஏழு மணி ஆனால் படுத்துக்கொண்டது. வரிசை நகராது, வெயில் ஏறும், கேனில் பால் காத்துக் கிடக்கும். ஒருநாள் ஒரு ஊர்ப் பால் மொத்தமும் திரிந்தே போனது.

முதலாளி சக்கரவர்த்தி கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சர்வருக்கு வயசாயிடுச்சும்மா. திங்கக்கெழம புதுசு வருது. விக்கிற மெட்ராஸ் கம்பெனி ஆளுங்களே கூட இருந்து பாத்துக்குவாங்களாம். நீ பில் செக்‌ஷனுக்குப் போயிடு."

கவிநிலா தாக்குப்பிடிக்கவில்லை என்று ஊர் பொய்யாகச் சொன்னது இனி நிஜமாகிவிடும்.

"சார், சர்வர் நல்லாத்தான் இருக்குது. யாரோ அதப் போட்டு அமுக்கறாங்க. யாருன்னு பாக்க ஒரு ஏஜென்ட் போடறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க."

ஏஜென்ட் என்பது ஒரு சின்ன புரோகிராம். சர்வரில் பால் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே எத்தனை பேர், எந்தத் தேடல் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக் கோடு போட்டுக் காட்டும். அதை இன்ஸ்டால் செய்வது பெரிய வித்தையில்லை, பேச வைப்பதுதான் பாடு. எதையும் மாற்ற முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற ஒரு யூசரை அதற்காக உண்டாக்கினாள். ஏஜென்ட் படித்து நடக்கும் கான்ஃபிக் ஃபைலில் விவரமெல்லாம் எழுதி ஓடவிட்டாள். ஏஜென்ட் எழவே இல்லை. ஸ்பேஸ் வரவேண்டிய இடத்தில் டேப் தட்டியிருந்தாள்; அந்த ஃபைலுக்கு அது ஆகாது. தன்னைத் தானே திட்டிக்கொண்டு திருத்தினாள். இப்போது எழுந்தது, ஆனால் தேடல்கள் தெரிய வேண்டிய இடம் காலி. மற்றவர்கள் தேடுவதைப் பார்க்க அந்த யூசருக்கு அனுமதி தர மறந்திருந்தாள். தந்தாள். கடைசியாக டேட்டாபேஸை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது. காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில், முதலாளி பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நிற்க, அதையும் செய்து முடித்தாள்.

மறுநாள் காலை ஏழு தாண்டியதும் திரையில் கோடு தென்னைமரம் மாதிரி நிமிர்ந்தது. காரணம் ஒரே ஒரு தேடல். ஒரே மையத்திலிருந்து வந்தது. தேடிய பெயர், அண்ணாமலை.

கவிநிலா தனியாகச் சிரித்தாள். சாமி பெயரே அண்ணாமலையான இந்த மாவட்டத்தில் அண்ணாமலை இல்லாத தெரு உண்டா? டேட்டாபேஸ் பாவம், எல்லா மையத்து அண்ணாமலைகளையும், அவர்கள் வருஷக்கணக்கில் ஊற்றிய பால் கணக்கோடு சேர்த்து வாரிக்கொண்டு வந்தது. மற்ற மையங்கள் எல்லாம் பின்னால் நின்றன.

அந்த மையத்தில் போன மாதம்தான் இருசப்பன் என்பவர் பால் அளக்கச் சேர்ந்திருந்தார். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, மெம்பர் நம்பர் போட்டுத் தேடலாமே?"

"இன்னாம்மா பேசற? விடியகாலைல பால் கொண்டாற மனுசன நம்பர் சொல்லிக் கூப்புட்டா ஜெயிலாட்டம் இருக்காதா? நான் பேர் சொல்லித்தான் சீட்டு குடுப்பேன்."

விஷயம் தெரிந்ததும் சக்கரவர்த்தி கோபத்தில் துள்ளினார். "இனிமே நம்பர்தான்னு அந்தாளுக்கு ஆர்டர் போட்டுடறேன்."

"வேணாம் சார். அவர் செய்யறது மரியாதை. நம்ம புரோகிராம்தான் மரியாதை தெரியாம எழுதியிருக்குது."

சொன்னதோடு நிற்காமல் அதைத் திருத்தவும் செய்தாள். இனி பெயர் அடித்தால் அந்த மையத்து ஆட்கள் மட்டும், அப்பா பெயரோடு வருவார்கள். பழைய கணக்கு கேட்டால் ஒழிய வராது. பெயர்களைச் சட்டென்று தேடி எடுக்கத் தனியாக ஒரு இண்டெக்ஸும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி விடியும்போதே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மணி ஏழு. இருசப்பன் மையத்திலிருந்து அண்ணாமலை வந்தார். இன்னொரு அண்ணாமலையும் வந்தார். கோடு அசையவில்லை. சீட்டு மேல் சீட்டாக எல்லா மையத்திலும் விழுந்தது. எட்டு மணிக்குள் கடைசிக் கேனும் குளிரூட்டும் நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சக்கரவர்த்தி நின்ற இடத்திலேயே மெட்ராஸ் ஆட்களுக்குப் போன் போட்டார்.

"புது சர்வர் வேணாங்க. ஆளும் வேணாம், எங்ககிட்ட ஆளு இருக்குது. மெட்ராஸே வேணாம்னு விட்டுட்டு வந்த பொண்ணுங்க இது."

கவிநிலா திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள், அத்தனை சந்தோஷம் அவளுக்கு.