பதினாலாம் மேஜையில் மணி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் மீசை மேல் ஆணை. மீசையைப் போன வருஷமே எடுத்துவிட்டேன். ஆனாலும் ஆணை ஆணைதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீசில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. பழைய டெலிபோன் பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் புது சிஸ்டத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் வெளி லைனை உள்ளே கொண்டுவரும் கேட்வே, அதற்குக் கீழே லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டி, அதிலிருந்து இருபத்து நாலு மேஜைக்கும் வயர். திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் பேசினால் பராமரிப்பு வேலை எனக்கு. பேசாவிட்டால் நான் வீட்டுக்கு.

இருபத்தாறு வருஷம் இந்த வேலையை நானும் என் தங்கை புருஷனும் சேர்ந்தே செய்தோம். நான் வயரைப் பிடிப்பேன், அவன் போனைப் பிடித்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். லைன் பார்க்கும்போது ஹலோ சொல்லமாட்டோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு." நாலை விட்டால் நம்ம ஆள். நாலையும் சொன்னால் எவனோ குறுக்கே வந்துவிட்டான்.

மாப்பிள்ளை செத்து அன்றோடு நாற்பத்தொரு நாள். கடைசியில் என் கையைப் பிடித்து, "மச்சான், உங்க வேலைக்கு நான் கேரண்டி" என்றான்.

மணி 4.17. பதினாலாம் மேஜைப் போனில் பச்சை விளக்கு. இந்த ஆபீசுக்கு வந்தால் மாப்பிள்ளை உட்கார்ந்து லைன் பார்க்கும் மேஜை. அதற்கு நான் இன்னும் நம்பரே கொடுக்கவில்லை.

ட்ரிங்... ட்ரிங்...

எடுத்தேன்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அஞ்சு."

பயத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான். "மாப்ளே, எங்கேர்ந்துடா பேசறே? அங்கேயும் லைன் இழுத்துட்டியா?"

அவன் வேறு யாரிடமோ பேசினான்.

"எங்க மச்சானை வெச்சுக்காதீங்க சார். அவரால முடியாது."

டொக்.

4.19.

ரிசீவரை வைத்தேன்.

திங்கள் காலை மேனேஜர் ஸ்விட்சின் பிளக்கைத் தூக்கிக் காட்டினார். நான் சொருகவே இல்லை. பழைய பெட்டிக்குக் கரண்ட் எப்போதும் இருக்கும். அந்த நினைப்பில் விட்டிருக்கிறேன். புதுப் போனுக்கெல்லாம் ஸ்விட்சிலிருந்து கரண்ட் வந்தால்தான் உயிர். ஞாயிறு முழுக்க இருபத்து நாலு போனும் பிணம்.

பிறகு மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். மாப்பிள்ளை கையெழுத்து. சாவதற்கு முந்தின வாரத் தேதி.

"எங்க மச்சானை வெச்சுக்காதீங்க சார். அவரால முடியாது. காரணம் சொல்ல மாட்டேன்."

ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவன். எதிரி எழுதியிருந்தால் சிரித்திருப்பேன். தங்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவன் சொல்லாத காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவதால் மாப்பிள்ளையைத் தவிர யாருக்கும் தெரியாது, ஒன்பது வருஷமாக எனக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது.