அண்ணன் வட்டம் போட்ட சிவப்பு வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் இருந்திருந்தால் இந்நேரம் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட்டையில் எந்த மூலையில் மை கலங்கியிருக்கிறது, எந்தப் பக்கத்தில் ஓரத்தைக் கோணலாக வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருப்பார். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தங்கை என்ற உரிமை ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், அம்மாவின் ஊரில். கைக்குழந்தையாக ஆவடிக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் குவார்ட்டர்ஸ் வீட்டில்தான். எதிர் வீட்டில் மதுரைப் பேச்சு, பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்ப் பேச்சு, எங்கள் வீட்டில் அம்மாவின் தூத்துக்குடிப் பேச்சு. அண்ணன் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அப்பாவின் தொழிற்சாலையிலேயே அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அதைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவின் வைத்தியம், என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. தங்கையைக் கரையேற்றிவிட்டுத்தான் தனக்கு என்று சொல்லிச் சொல்லியே வருடங்களை ஓட்டினார். "நரைச்ச மீசையைப் பார்த்து, இனி ஏமாத்த வயசில்லைன்னு நம்பித்தான் கழுத்தை நீட்டினேன்" என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவு. பற்றவைத்த இடம், வார்த்த இடம் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்த பொருள் திரும்பிப் போய்விடும். வேலை நேரத்தில் போட்டால் போதாதா? அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் வட்டம், சந்தையில் பலாப்பழத்துக்கு வட்டம். என் கல்யாணச் சீருக்குப் பீரோ வாங்கப் போன கடையிலும் பின்பக்கம் பெயின்ட் உரிந்த இடத்தில் போட்டுவிட்டார். அதை யாரும் அழிக்கவில்லை. பீரோ மாப்பிள்ளை வீட்டில் இறங்கியதும் என் மாமியார் வட்டத்தைப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்குப் போட்டதாக்கும் என்று அதன்மேல் மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்தார். நானும் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பழக்கம் வந்ததும் குவார்ட்டர்ஸில்தான். அங்கே குடியிருந்த ஓர் அதிகாரியிடம், கூரையை மடித்து வைத்துவிட்டு ஓட்டும் இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். அவருக்கு மாற்றல் வந்தபோது, வண்டி என்ன பெறும் என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் அண்ணனைக் கேட்டார். அண்ணன் பழைய புத்தகங்களைத் தேடிப் படித்து, வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, நல்லது கெட்டது இரண்டையும் சொன்னார். அந்த அதிகாரி சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று, அப்படிப்பட்ட வண்டி எங்கே கைமாறினாலும் ஆவடிக்காரரைக் கூப்பிடுங்கள் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அவர் வண்டி பார்ப்பதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். தான் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். வந்தவுடன் வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதில் ஏதோ கோளாறு, அதை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பனியன் துணியில் சுற்றிய காந்தத்தை உடம்பு முழுக்க நகர்த்துவார். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். அங்கே ஒரு வட்டம். சேஸியில் அடித்த எண்ணும் எஞ்சினில் அடித்த எண்ணும் அந்த வண்டிக்கே உரியவைதானா என்று டார்ச் அடித்துப் படிப்பார். பளபளவென்று புதுப் பெயின்ட்டில் நிற்கும் வண்டியைச் சந்தேகமாகப் பார்ப்பார். நிறம் மங்கினாலும் பிறந்தபோது இருந்த சாமான்களோடு நிற்கும் வண்டிக்குத்தான் அவரிடம் மதிப்பு அதிகம். எல்லாம் முடிந்து வண்டி அம்மை போட்டதுபோல் வட்டங்களோடு நிற்கும்போதுதான் விலையைச் சொல்வார். சொன்ன பிறகு ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார்.

தன் பேச்சு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்த ஒர்க்ஷாப்பிலும் உட்கார மாட்டார், ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். என் கணவர் குமணன்சாவடியில் டிங்கரிங் ஷெட் வைத்திருந்தார். அங்கேயும் அண்ணன் கால் வைத்ததில்லை. வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், "தொழில் எப்படிப் போகுது மாப்ளே?" என்று கேட்பார், போய்விடுவார். என் கணவருக்கு அது உறுத்தல். "உங்க அண்ணனுக்கு நம்ம ஷெட்டுன்னா எளக்காரம்" என்பார். அப்படியில்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பியதில்லை.

சில வருடங்களுக்கு முன் மெட்ரோ வேலைக்காக ஷெட்டுக்கு முன்னால் சாலையைத் தோண்டினார்கள். இடத்துக்காரர் அங்கே காம்ப்ளக்ஸ் கட்டப்போவதாகச் சொல்லி ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார். நெமிலிச்சேரியில் என் கணவரின் அப்பா வழி நிலம் ஒரு துண்டு இருந்தது. அதில் புது ஷெட் போட வேண்டும். கைவசம் இருந்ததெல்லாம் ஒரு சிவப்பு வண்டி. மலையில் ஒரு எஸ்டேட்டில் கோழி அடைந்து கிடந்த இரண்டு இருக்கைக் காரை வாங்கிவந்து, மற்ற வேலைகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து வைத்திருந்தார். அது விற்றால்தான் ஷெட். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் பிடித்துப்போய், நல்ல விலை பேசினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க மச்சான் பார்த்துச் சரின்னு சொல்லட்டும்."

அண்ணன் மறுத்துவிட்டார். "சொந்தக்காரன் வண்டியை நான் பார்க்கக் கூடாது பாப்பா. நல்லாயிருக்குன்னா அவர் நம்ப மாட்டார். இல்லைன்னா உன் வீட்டுக்காரர் தாங்க மாட்டார்" என்றார். பெங்களூர்க்காரரோ, சொந்தக்காரராக இருந்தாலும் அவர் பேச்சை நம்புகிறேன் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் நான் போய்க் கேட்டேன். "வரேன். ஆனா பார்த்தா பார்த்த மாதிரிதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டுக்கு வந்தார். பானெட்டில் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. எண்களைப் படித்துவிட்டு, "எல்லாம் இந்த வண்டியோடதுதான். மீட்டர்கூட மாத்தலை" என்று பெங்களூர்க்காரரிடம் சொன்னபோது என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். காந்தமும் பெரும்பாலான இடங்களில் பிடித்தது. பிறகு அண்ணன் வண்டியின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் இடது பக்கக் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். கதவு பொருந்தாமல் இடித்தது. இன்னொரு முறை சாத்தினார். இடித்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில் காந்தத்தை வைத்தார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. கூரை இல்லாத வண்டிக்கு அந்தத் தகடுதான் முதுகெலும்பு. அதன் பலம் போனால் வண்டி நடுவில் வளைந்து கதவு இடிக்கும்.

"மாப்ளே, இது நீங்க வச்ச பட்டியா?"

"ஆமா மச்சான். உள்ள துரு கீது. பிரிச்சு செய்ய டைம் இல்ல. அதான் மேலால பட்டி வச்சுட்டேன்."

அண்ணன் குனிந்து ஒரு நீள வட்டம் போட்டார். நிமிர்ந்து பெங்களூர்க்காரரிடம், "இன்னைக்கு நிக்கிற நிலையில நீங்க பேசின விலை பெறாது. இந்தப் பக்கத்தைப் பிரிச்சுச் செஞ்சா அதுக்கு மேலயே பெறும்" என்றார். அவர் அப்புறம் பேசுகிறேன் என்று காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு, நான் நீட்டிய டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார். என் கணவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஷெட் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து அண்ணன் இறங்கினார். பழைய சட்டை, கையில் அண்ணி கட்டிக்கொடுத்த டிபன் கேரியர். "ஷெட்டை எப்படியும் காலி பண்ணணும். வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்கட்டும். ரெண்டு பேருமா அந்தப் பக்கத்தைப் பிரிப்போம்" என்றார். என் கணவர் லாரியின் பின்கதவை இறக்கப் போனார். அண்ணன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "பாப்பா, டீ இருக்கா?" என்று கேட்டார். அவர் அந்த ஷெட்டில் உட்கார்ந்ததும் டீ குடித்ததும் அன்றைக்குத்தான்.

பட்டாபிராமில் அண்ணன் ஓய்வுக்குப் பிறகு கட்டிய வீட்டில், துணிக்கொடியையும் பூந்தொட்டிகளையும் அண்ணி ஓரம் கட்டிவிட்டு வண்டிக்கு இடம் கொடுத்தார். வேலை தொடங்கியது. என் கணவர் தினமும் போவார், வருவார், அண்ணனோடு மட்டும் பேச மாட்டார். அண்ணனோ பக்கத்திலேயே நின்று தகட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்த எங்கள் அண்ணனுக்குச் சுத்தியலை நேராக அடிக்கத் தெரியவில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் கணவர், ஒருநாள் நல்ல தகட்டை அண்ணன் அடித்துக் குழி விழவைத்ததும் பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா மச்சான் பண்ணினுகீறே? தள்ளு. சுத்திய இப்டி குடு."

அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவர். அண்ணன் மறுபேச்சில்லாமல் சுத்தியலைக் கொடுத்தார். என் கணவர் அவர் பையிலிருந்தே சாக்பீஸை எடுத்து, அவர் அடித்துக் கெடுத்த இடங்களிலெல்லாம் வட்டம் போட்டுக் காட்டினார். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. அண்ணனும் சிரித்தார். மழைக்காலம் முடிவதற்குள் தகடு மாறி, ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் கதவு சத்தமில்லாமல் பொருந்தியது.

பெங்களூர்க்காரர் தானாகவே திரும்பி வந்தார். அண்ணன் காந்தத்தைத் தொடவில்லை. "இது நான் கைவச்ச வண்டி. நீங்களே பார்த்துக்குங்க" என்று வீட்டுக்குள் போய்விட்டார். வந்தவர் படுத்தும் எழுந்தும் தானே பார்த்தார், முன்பு பேசியதைவிட அதிகம் கொடுத்தே வாங்கிப் போனார். நெமிலிச்சேரியில் ஷெட் எழுந்தது. அங்கே அண்ணனுக்கென்று ஒரு நாற்காலியும் வந்தது. தன் பழைய வழக்கத்தை அவர் அந்த ஒரு ஷெட்டுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, எங்கள் ஷெட்டிலிருந்து போகும் எந்த வண்டிக்கும் விலை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்த நாற்காலியில் அவர் நெடுநாள் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கால் வீங்கி நடக்க முடியாமல் போன நாட்களிலும், மருத்துவமனைக் கட்டிலின் சக்கரம் கோணலாக ஓடுகிறது என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அதிகாலையில், அண்ணி கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போனார்.

அவருக்கு முகம் சுளிக்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும், ரத்தம் தேவைப்பட்டபோதெல்லாம் ஓடிவந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய பட்டாபிராம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற தூத்துக்குடிச் சொந்தங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தன் தூக்கத்தையெல்லாம் அவருக்காகக் கொடுத்த அண்ணிக்கு நான் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். சொல்லத்தான் செய்வேன்.

ஒவ்வொரு முறையும் அண்ணனை வண்டியில் ஏற்றி, இறக்கி, தூக்கி உட்காரவைத்தவர் என் கணவர். தன் பெயரை நன்றியில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் என் காதால் கேட்டதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், கண்ணை மூடிக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"மாப்ளே, அந்தச் சிவப்பு வண்டியை அன்னைக்கே நான் சரின்னு சொல்லியிருந்தா?"

என் கணவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"துட்டு வந்துருக்கும் மச்சான். நீ வந்துருக்க மாட்டே."