காரவள்ளியில் நின்றுபோன மிஷின்

அப்பாவின் மரம் அறுக்கும் மிஷின் தடித்த கட்டையில் இறங்கினால் திணறும். அழுத்திப் பிடித்தே அறுப்பதால் சாயங்காலம் அவர் விரல்கள் மரத்துப்போகும். சோறு பிசையவே நேரம் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் நான் அந்த மிஷினில் கைவைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, செம்மேட்டில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எனக்குப் புதிதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளையைப் பெரிதாக்கினேன். சிலிண்டரில் புகை போகும் வாயையும் உருட்டு அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினேன். வாசலில் வைத்தே கார்புரேட்டர் திருகைத் திருகி, சத்தம் கணீரென்று வந்த இடத்தில் நிறுத்தினேன்.

மறுநாள் மிளகுத் தோட்டத்தில் சில்வர் ஓக் அறுத்துவிட்டு வந்த அப்பா, “வாழைத்தண்டு அறுக்கறாப்ல இருக்குது கண்ணு” என்றார். ஒர்க்ஷாப்பில் அதையே நாலு பேரிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, அடிவாரத்துக் காரவள்ளியில் சாய்ந்து கிடந்த ஒரு புளியமரத்தை அறுக்க அப்பாவும் சித்தப்பாவும் மலையிறங்கினார்கள். அரை மணி நேரத்தில் மிஷின் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே முடியவில்லையாம். மிஷினைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார் அப்பா.

“பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஊத்திட்டயாண்ணா?” என்று சித்தப்பா கேட்டார்.

“கலந்தேனாட்டம்தான் இருக்குது...”

“ஆட்டமாவது பாட்டமாவது! வயசாயிருச்சு உனக்கு. இனி மிஷினை நான் புடிக்கறேன், நீ கயித்தைப் புடி.”

வெட்டும் மரத்தை விழவேண்டிய பக்கத்துக்குக் கயிறு கட்டி இழுப்பதுதான் அதுவரை சித்தப்பாவின் வேலை.

மறுநாள் இன்ஜினைப் பிரித்தேன். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை விரலில் தேய்த்தால் ஆயில் வழவழத்தது. பிஸ்டனில் புகை போகும் பக்கம் மட்டும் கீறல் கீறலாக இருந்தது. சூடு தாங்காமல் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கிறது. மலைமேல் எங்கள் வாசலில் காற்று லேசு. அதற்கேற்ற அளவில் திருகை வைத்திருந்தேன். அடிவாரத்தில் காற்று அடர்த்தி. அதே திருகில் அங்கே பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் சூடேறும். தினமும் அதே பஸ்ஸில் ஏறி இறங்கிப் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

மூன்று நாள் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்தால் வாயைத் திறக்கவே சோர்வாக இருந்தது. அந்த மூன்று நாளும் அப்பா எதைக் கேட்டாலும் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டார். ஆட்டைக் கட்டியாச்சா, அடுப்பை அணைச்சாச்சா. நாலாம் நாள் காலையில் சித்தப்பா வந்து, “மிஷின் சரியானதும் இனி இதுதான் உன் வேலை” என்று தன் தோளில் கிடந்த கயிற்றை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கை நீட்டினார்.

“நீங்க மறக்கலீங்கப்பா. ஆயில் இருந்துச்சு. நான் வெச்ச திருகு கீழ காரவள்ளிக்கு ஆகாதுங்க. தப்பு என்னுதுதான்.”

சித்தப்பா சிரித்தார். “அடடே, இஞ்சினீயரம்மா! இதுக்குத்தான் அத்தனை வருசம் படிச்சயாக்கும்?”

அப்பா சித்தப்பாவைப் பார்க்கவே இல்லை.

“அப்ப நான் கலந்துதான் ஊத்தியிருக்கறேன்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

பிஸ்டன் மாற்ற ஒரு வாரம் ஆனது. திருகின் பக்கத்தில் நகப்பாலிஷால் இரண்டு புள்ளி வைத்தேன். சிவப்பு மலைக்கு, வெள்ளை அடிவாரத்துக்கு. அப்பா இரண்டு தடவை திருகிக் காட்டினார். சரியாக இருந்தது.

மறுபடி காரவள்ளிக்குப் புறப்பட்ட அன்று, தயக்கமே இல்லாமல் மிஷினை அப்பா தூக்கிக்கொண்டார். கயிறு தரையிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சித்தப்பா அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.