டீச்சரின் வலது கால்

இருபத்தாறு வருஷம் அந்த அம்மாள் பார்த்த வேலை, அடுத்தவர் ஓட்டுகிற காரை நிறுத்துவது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே எத்தனையோ மனிதர்களையும் அதைவிட அதிகமான நாய்களையும் காப்பாற்றியிருக்கிறார். எல்லோருக்கும் அவர் டீச்சர். கட்டிய கணவருக்கும் டீச்சர்தான்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஓட்டும்போது டீச்சர் பக்கத்தில் தூங்கிவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்த மாதிரி. இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படித் தூங்கியது பதினோரு பேர் பக்கத்தில்தான். அந்தப் பதினோரு பேரும் அதை இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கடைசியில் பிரேக் தேயவில்லை, முழங்கால் தேய்ந்தது. டாக்டர் போதும் என்றார். பள்ளியைக் கைமாற்றிவிட்டு டீச்சர் வீட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தாரே தவிர அவருடைய வலது கால் உட்காரவில்லை. கணவர் டம்ளரைக் கொஞ்சம் மேசை விளிம்பில் வைத்தால் போதும், அடியில் ‘டொம்’ என்று ஒரு மிதி விழும்.

“வெளியில எங்கயாவது போய் மிதி, தாயே!” என்று அந்த மனிதர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அப்படித்தான் டீச்சர் குடும்ப உதவி மையத்தில் தொண்டராகச் சேர்ந்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை போக வேண்டும். தடவைக்கு இரண்டு மணி நேரம் துணையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு விதி: பெற்றவர்கள் கேட்டாலொழிய நாமாக எதையும் செய்யக் கூடாது, சொல்லவும் கூடாது.

இந்த வேலை டீச்சருக்கு உயிர். அவருடைய மகள் கைக்குழந்தையாக இருந்த நாட்களில் வீட்டில் ஒரு ஆள் துணை கிடையாது. குழந்தை அழும், இவரும் கூட உட்கார்ந்து அழுவார். யாராவது ஒருவர் வந்து சும்மா பக்கத்து நாற்காலியில் இருந்தால் போதுமே என்று ஏங்கியிருக்கிறார். அந்த ஏக்கம் மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ஆறவில்லை. யாருக்காவது அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

ஆனால் சும்மா உட்கார வருமா? முதல் வீட்டில் சமையலறை அலமாரியை மூன்றே வருகையில் தலைகீழாக மாற்றி அடுக்கினார். “என் வீட்டுல நானே விருந்தாளி மாதிரி இருக்கேன்” என்று அந்தப் பெண் மையத்துக்குப் போன் செய்தாள். இரண்டாவது வீட்டில் அழுத குழந்தையைத் தாயின் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். அங்கிருந்தும் புகார் வந்தது. மையத்தின் பொறுப்பாளர் நல்ல பெண், ஆனால் கறார். “டீச்சர், இன்னொரு புகார் வந்தா வீடுகளுக்கு அனுப்ப மாட்டேன். ஆபீஸ்ல உக்காந்து காகிதம் மடிக்க வேண்டியதுதான். ஆறு வாரம் பார்க்கறேன்” என்றார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது வீடு ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்கள். மனைவியின் விடுப்பு முடிந்ததும் இவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். பத்தாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்குகிற மனிதர், நான்கு மாதக் குழந்தையின் கையைச் சட்டைக்குள் நுழைக்க வெடவெடவென்று நடுங்கினார்.

“என் வீட்டம்மா உங்ககிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டா, டீச்சர். நீங்க அவ பக்கத்துல கடைசி வரைக்கும் கண்ணசரவே இல்லையாம். இன்னும் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறா.”

“அவங்க வளைவுல கண்ணாடி பாக்க மாட்டாங்க, சார்” என்று ஆரம்பித்த டீச்சர், விதி ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டு. கையையும் கட்டிக்கொண்டார். மெக்கானிக் பெரியவளைச் சோபா ஓரத்தில் படுக்கவைத்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினார். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நாற்காலிக்கடியில் ‘டொம்’. மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பி, குழந்தையை நடுவில் நகர்த்தினார். பால் புட்டியைச் சூடு பார்க்காமல் வாயருகே கொண்டுபோனார். டொம். கைமேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சின்னவளின் இடுப்புத் துணியை முன்பின்னாகக் கட்டினார். டொம், டொம்.

மூன்றாவது வாரம் டீச்சருக்கே தன் காலின் சத்தம் காதில் விழுந்தது. வாயால் சொன்னாலென்ன, காலால் சொன்னாலென்ன, தலையிடுவது தலையிடுவதுதானே? புகார் போனால் காகிதம் மடிப்புதான். அடுத்த தடவை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நாற்காலியின் மேலேயே மடக்கி, அதன்மேல் கைப்பையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மெக்கானிக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். டீச்சரைப் பார்த்தார். சத்தமில்லை. துண்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“டீச்சர், உங்களுக்கு என் மேல ஏதாவது கோபமா?”

“ஐயோ, இல்லையே சார்!”

“அப்ப தயவுசெஞ்சு காலைத் தொங்கப் போடுங்க. அந்தச் சத்தத்த வெச்சுதான் நான் இத்தன நாளும் ஓட்டிட்டிருக்கேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம். கேட்டால் செய்யலாம் என்பதுதான் விதி. மனிதர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். கால் ராஜமரியாதையோடு தரைக்கு இறங்கியது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் மிதி குறைந்தது. ஒரு வருகைக்கு இருபது என்பது எட்டாகி, எட்டு மூன்றாயிற்று.

ஆறாவது வாரத்தின் கடைசி நாள். வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல அன்று பொறுப்பாளர் வருவதாக ஏற்பாடு. மெக்கானிக் இரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பாட்டினார். ஒருத்தி தொட்டியில் இருக்கும்போது மற்றவள் கைக்கெட்டும் தூரத்தில் பாயில். தண்ணீரில் முழங்கையை நனைத்துப் பார்த்தார், காதோரம் துடைத்தார். பெரியவளைத் தூங்கவைத்து, சின்னவளுக்குப் பால் புகட்டித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரு ‘டொம்’கூட விழவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். டீச்சரின் தலை சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்த பொறுப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையிடுகிற ஆள் என்று பெயர் வாங்கியது போதாதென்று, வேலை நேரத்தில் குறட்டையா? “டீச்...” என்று ஆரம்பிப்பதற்குள் மெக்கானிக் குழந்தையும் தோளுமாகக் குறுக்கே வந்து நின்றார்.

“எழுப்பாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கிசுகிசுத்தார். இருபத்தாறு வருஷம், பதினோரு பேர், வீட்டம்மாவின் தீராத வருத்தம், கால், டொம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

பொறுப்பாளர் கையிலிருந்த படிவத்தைப் பிரித்தார். அப்புறம் பேனாவை எடுத்தார். “படிவத்துல எழுதணும். இன்னிக்கு இவங்க உங்களுக்கு என்ன உதவி செஞ்சாங்க?”

“தூங்கினாங்க” என்றார் மெக்கானிக்.

பொறுப்பாளர் அதை அப்படியே எழுதினார். கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு காகிதங்களில், ஆபீஸுக்கு மாற்றுகிற உத்தரவைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டு விலாசம் எழுதியிருந்த இன்னொன்றை டீச்சரின் கைப்பைக்கடியில் செருகிவிட்டு, பூனை மாதிரி வெளியே போனார்.

மெக்கானிக் ஒரு கையால் போனை எடுத்து, டீச்சரின் திறந்த வாயும் நீட்டிய காலும் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தார். அதை மனைவிக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி சேர்த்தார்: “பன்னிரண்டாவது ஆள் நான்தான்.”