கூப்பிடுகிறேன் என்று எழுதிய கடிதம்

அடுத்தவர் குடும்பத்தைச் சேர்த்துவைக்கக் கடிதம் எழுதும் தொழிலில், நன்றி சொல்ல வருகிறவரைவிட மறுப்புக் கடிதத்தோடு வருகிறவரே அதிகம். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்கம் என் மேசை. பிரெஞ்சை நான் பள்ளியில் படிக்கவில்லை. ஊர்வலங்களில் கொடுத்த துண்டுப்பிரசுரங்களில் படித்தேன். ஆகவே 'வணக்கம்' எழுதுவதற்கு முன்பே 'கண்டிக்கிறோம்' எழுதப் பழகியவன். படிவம் நிரப்பிக் கண் கெட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அமைச்சரின் தாள்

குடும்பத்தாருக்கான விசாவை இறுக்கப்போவதாக அமைச்சர் தொலைக்காட்சியில் சொன்ன மறுநாள், சமையல்காரன் குணம் அடுப்படி உடுப்போடு ஓடி வந்தான். அகதி அட்டை கிடைத்த நாளிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி வசந்தியை இங்கே எடுக்க நான்கு வருடமாக அலைகிறவன். "பூட்டிட்டாங்களாம் அண்ணை" என்றான்.

நான் எழுந்து நின்றே விளக்கினேன். சட்டம் நாடாளுமன்றம் இயற்றுவது. இப்போது வருவது வெறும் சுற்றறிக்கை. அமைச்சர் தன் அதிகாரிகளுக்கு எழுதும் கடிதம். சட்டத்தில் இல்லாத நிபந்தனையை அதில் நுழைக்க முடியாது. நுழைத்தால் நீதிமன்றம் தூக்கி எறியும். நாட்டின் கதவை எந்த அமைச்சரும் தன் வீட்டுக் கதவென்று நினைக்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்தக் குரலுக்கு, ஊர்வலங்கள் கூடும் றிப்பப்ளிக் சதுக்கம் கைதட்டியது. குணம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அது சட்டமில்லை எண்டு எனக்கு விளங்குது அண்ணை. விசா குடுக்கிற யன்னலில இருக்கிறவருக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

ஒரு வினைச்சொல்

கணவன் மனைவி உறவு தொடர்கிறது என்பதற்கு அந்தச் சுற்றறிக்கை கூடுதல் அத்தாட்சி கேட்டது. குணம் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். "நாலு வருசமாய் மனுசியைக் கூப்பிடுறன், இன்னும் வந்து சேரேல்லை" என்றான். எங்கள் ஆட்களுக்குக் கூப்பிடுவது என்றால் மனுப் போட்டு, முத்திரை வாங்கி, ஆளை நாட்டுக்கு எடுப்பது. எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் 'மனுசியைக் கூப்பிட்டாச்சோ?' என்று கேட்டால் யாரும் குரல் கொடுத்தாயா என்று கேட்பதில்லை. படிவத்தில் அதற்கு வறண்ட ஒரு பெயர் இருக்கிறது. அலுவலகச் சொல் எனக்கு எப்போதும் ஆகாது. மனிதர் பேசும் சொல்லே இருக்கட்டும் என்று, குரல் கொடுத்து அழைப்பதற்கான பிரெஞ்சு வினைச்சொல்லைப் பெருமையோடு போட்டேன்.

மறுப்பு வந்தது. நான்கு ஆண்டுகளாக அழைத்தும் மனைவி வரவில்லை என்று கணவரே எழுதியிருக்கிறார்; சேர்ந்து வாழும் விருப்பம் மனைவிக்கு இருப்பதாகத் தெரியவில்லை. வாசித்துத் தமிழில் சொன்னேன். குணம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவளுக்கு இதை நீங்களே சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னால், அவளுக்கு விருப்பமில்லை எண்டது என்ரை நினைப்பெண்டு எடுத்துக்கொள்ளுவாள்."

கையெழுத்து

மறுப்பை எதிர்த்து வழக்குப் போட்டோம். வழக்கறிஞர் ஒரு பிரெஞ்சு அம்மையார். எத்தனையோ ஊர்வலங்களுக்குப் பிறகு என்னைக் காவல் நிலையத்திலிருந்து வெளியே எடுத்தவர். நடந்த தவற்றை நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றார். காவல் நிலையங்களில் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதவன் நான். 'கூப்பிடு' என்ற சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதி, பிழை என்னுடையது என்று முடித்துக் கையெழுத்திட்டேன். அவர் இரண்டு தரம் படித்தார். "இத்தனை வருடத்தில் நீங்கள் எழுதியதில், 'கண்டிக்கிறோம்' இல்லாத முதல் கடிதம் இது."

மறுபடி

நிர்வாக நீதிமன்றம் மறுப்பை ரத்துச் செய்தது. சட்டம் கேட்காததைச் சுற்றறிக்கை கேட்கலாகாது என்றது. நான் நின்றபடி முழங்கிய அதே வாக்கியம், நிதானமான மொழியில். ஆனால் விசா கொடுக்கச் சொல்லவில்லை. மனுவை மறுபடி பார்க்கச் சொன்னது. குணம் அதற்குள் பக்கத்து மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் அறை எடுத்துவிட்டான். இரண்டு பேருக்கான கட்டில் போட்டு, சுவரோரம் ஒதுங்கிப் படுக்கிறான். மற்றப் பக்கத்து விரிப்புக் கசங்கவில்லை.

எனக்கும் கூப்பிட ஒருத்தி இருந்தாள். முதலில் போராட்டம் முடியட்டும் என்றேன். பிறகு, இந்த அரசிடம் மனுப் போட மாட்டேன் என்றேன். 'எப்ப கூப்பிடுவியள்?' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாள். எந்தக் கடிதத்தோடு கேட்பதை நிறுத்தினாள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுபரிசீலனைக்கு வசந்தியின் வாக்குமூலமும் வேண்டும் என்றார் வழக்கறிஞர். குணம் தொலைபேசியை என் மேசையில் வைத்தான். என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டேன். சொன்னாள்: "அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது எண்டு எழுதுங்கோ அண்ணை. அவ்வளவுதான்."

அதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிய கைக்குத் தனக்கென்று ஒன்றை நிரப்ப நேரம் கிடைக்காமல் போனதுதான் இந்தத் தொழிலின் சிறப்பு.